கணக்குக் கேட்கும் கரை: மன்னாரை முன்னிறுத்திப் பொறுப்புக்கூறல் பற்றிய ஒரு நோக்கு

1

சனநாயக நாடுகளில் ஊழல் பற்றி நடைபெறும் உரையாடல் பெரும்பாலும் ஆட்களைச் சுற்றியே அமைகின்றது. எவர் எவ்வளவு பெற்றார், எவருக்கு எவர் உறவினர், எவர் சிறை சென்றார், எவர் தப்பினார் என்னும் வினாக்களே மேடையிலும் செய்தித்தாளிலும் முதன்மை பெறுகின்றன. இவ்வினாக்கள் பயனற்றவையல்ல. எனினும் ஒருவரை அகற்றி மற்றொருவரை இருத்திய பின்னரும் அதே வழியில் அதே தவறு நிகழுமாயின், அதன் காரணத்தைத் தனிமனித ஒழுக்கத்தில் மட்டும் தேடுதல் போதாது. அதிகாரம் எவ்வாறு பகிரப்பட்டுள்ளது, முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன, அவற்றுக்கு யார் யாரிடம் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளனர் என்பனவற்றையும் ஆராய வேண்டியுள்ளது.

பொறுப்புக்கூறல் என நாம் இக்கட்டுரையிற் குறிப்பது மூன்று கூறுகளைக் கொண்டது. முதலாவது, அரசின் செயல் மக்களுக்குத் தெரியவருதல். இரண்டாவது, அச்செயலுக்கு உரியவர் காரணம் காட்டக் கடமைப்பட்டிருத்தல். மூன்றாவது, காட்டிய காரணம் பொருந்தாதாயின் அதற்கொரு விளைவு இருத்தல். இம்மூன்றில் ஒன்று இல்லையாயினும் மற்றையிரண்டும் வலுவிழந்துவிடும். மன்னார்த் தீவையும் அதனை அடுத்த கரையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நோக்குவது எமது நோக்கமாகும். மன்னார் தலைநகரிலிருந்து தொலைவிலுள்ள மாவட்டம். ஆயினும் அதன் கடலும் மணலும் காற்றும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தலைநகரிலே விலை பேசப்பட்டு வந்துள்ளன. ஆதலால் ஆட்சியின் இயல்பை அறிவதற்கு அது தக்கதோர் இடமாகும்.

2

தமிழிலக்கியத்திற் பரிச்சயமுள்ளோர்க்குப் பொறுப்புக்கூறல் என்றவுடன் நினைவுக்கு வருவது பாண்டியன் அவையிலே கண்ணகி வழக்குரைத்த காட்சியாகும். குடிமகளொருத்தி வாயிலோனைக் கடந்து அரசனை நேரில் வினவுகிறாள், சான்று காட்டுகிறாள், சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தவுடன் அரசன் தன் தவற்றை உணர்ந்து உயிர்விடுகிறான். அறிதல், விடை சொல்லல், விளைவு ஆகிய மூன்றும் ஒரே அவையில் நிறைவுறுகின்றன. இக்காட்சியை முன்னிறுத்திப் பண்டைய ஆட்சியைப் போற்றியும் இன்றைய ஆட்சியைப் பழித்தும் பேசுவது எம்மிடையே வழக்கமாகிவிட்டது.

ஆனால், அக்கதையை மீண்டும் நோக்குமிடத்து வேறொன்று புலப்படும். பொற்கொல்லன் சொல்லை விசாரணையின்றி ஏற்று ஒருவனைக் கொல்ல ஆணையிடுவதற்கு அவ்வரசாட்சியில் எத்தடையும் இருக்கவில்லை. தவறு நிகழுமுன் அதனைத் தடுக்கும் நெறிமுறை இல்லை. நிகழ்ந்தபின் அரசனின் மனச்சான்றே ஒரே நீதிமன்றம். அம்மனச்சான்று விழித்துக்கொண்ட பின்னரும் கோவலன் மீளவில்லை, மதுரை எரிந்தது. நிறுவனமாக அமையாத பொறுப்புக்கூறல் காலந்தாழ்ந்தே வரும். வரும்போது தவறிழைத்தோர்மீது மட்டுமன்றி ஊரார்மீதும் விழும் என்பதே இதிலிருந்து நாம் பெறத்தக்க பாடமாகும். 2022 ஏப்பிரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தபோது, எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றோர் அக்கடனைப் பற்றி முடிவெடுத்தவர்கள் அல்லர்.

3

மன்னாரின் தென்கரையிலே சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி முதலிய இடங்களிற் பிரித்தானியர் காலத்தில் நடைபெற்ற முத்துக்குளிப்பு பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவர்களுட் பெரும்பாலோர் அதன் வண்ணக் காட்சிகளையே விவரித்தனர். எமக்கு முக்கியமானது அங்கே கணக்கு வைக்கப்பட்ட முறையாகும். குளியாட்கள் கடலடியிலிருந்து கொணர்ந்த சிப்பிகள் அரசின் அடைப்புக்குள் மூன்று கூறுகளாகப் பகுக்கப்பட்டன. இரண்டு கூறு அரசுக்கு; ஒரு கூறு குளியாட்களுக்கு. அரசின் பங்கு பின்னர் ஏலத்தில் விற்கப்பட்டது. உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவன் ஒரு சிப்பியையேனும் மறைத்துவிடக் கூடாதென்பதற்காக அதிகாரிகளும் காவலரும் நிறுத்தப்பட்டனர்.

1905 ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பு மிகப் பெரியதாக அமைந்தது. அதன்மூலம் அரசு பெற்ற வருமானம் சுமார் 25 இலட்சம் ரூபாவாகும். அதற்கு மறு ஆண்டே, 1906 இல், இம்முத்துப்பார்கள் முழுவதும் இலண்டனிலே தோற்றுவிக்கப்பட்ட கம்பனி ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,10,000 ரூபா வாடகைக்கு, 20 ஆண்டுகளுக்குக் குத்தகையாக வழங்கப்பட்டன. முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நிகழ்வதன்று. பல ஆண்டுகள் சிப்பியின்றியே கழிவதுண்டு. ஆதலால் நிலையான வாடகை அரசுக்கு நன்மையே எனக் குத்தகையை ஆதரித்தோர் கூறியதில் ஓரளவு நியாயம் இருந்தது. சில ஆண்டுகளிலேயே சிப்பிகள் அற்றுப்போயின. 1912 அளவில் கம்பனியும் கலைந்தது.

குத்தகை இலாபமா நட்டமா என்பதன்று இங்குள்ள பிரச்சினை. குளியாளின் கூடை சிப்பி சிப்பியாக எண்ணப்பட்ட அதே கரையில், இருபது ஆண்டுக்கான கடல் முழுவதும் கைமாறியபோது அக்கரையில் வாழ்ந்தோர் எவரிடமும் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை. அக்காலச் சட்டசபையில் அரசாங்க உத்தியோகத்தரே பெரும்பான்மையினர். ஏனையோர் இனவாரியாக நியமிக்கப்பட்டோர். வாக்குரிமை என்பதே இல்லாத காலம் அது. எனவே குடியேற்ற ஆட்சியின் இயல்பு அதுவென்று கூறி நாம் அமைதி கொள்ளலாம். சிறியோரின் கணக்கு நுணுக்கமாகவும் பெரியோரின் கணக்கு மங்கலாகவும் இருக்கும் இவ்வழக்கம் குடியேற்ற ஆட்சியோடு ஒழிந்ததா என்பதே அடுத்து எழும் வினா.

4

இலங்கையிற் சர்வசன வாக்குரிமை 1931 இல் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து 91 ஆண்டுகளின் பின், 2022 ஆம் ஆண்டில், மன்னாரின் காற்று விலைபேசப்பட்ட விதம் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

மன்னார்த் தீவின் தென்கரையோரத்திலே இலங்கை மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் 30 காற்றாலைகளைக் கொண்ட 103.5 மெகாவாற் மின்நிலையத்தை நிறுவி 2020 டிசெம்பரில் அதனைத் திறந்தது. ‘தம்பபவனி’ எனப் பெயரிடப்பட்ட அந்நிலையம் பொதுத்துறைக்குரியது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் இந்தியாவின் அதானி குழுமத் தலைவர் இலங்கைக்கு வந்தார். 2022 மார்ச்சில் அக்குழுமத்துடன் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. நாட்டின் பெரும்பாலோர் இதனை அறிந்தது கைச்சாத்தான பின்னரேயாம். 2022 யூன் 9 ஆம் நாள் மின்சாரத் திருத்தச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆதரவாக 120 வாக்குகளும் எதிராக 36 வாக்குகளும் அளிக்கப்பட்டன. மின்னுற்பத்தித் திட்டங்களைக் கேள்விப்பத்திரப் போட்டியின்றி வழங்குவதற்கு இருந்த தடையை இத்திருத்தம் நீக்கியது.

மறுநாள், யூன் 10 ஆம் நாள், அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய பாராளுமன்றக் குழுவின் முன் தோன்றிய மின்சார சபைத் தலைவர் எம். எம். சி. பெர்டினாண்டோ, இத்திட்டத்தை அதானி குழுமத்துக்கு வழங்குமாறு இந்தியப் பிரதமர் வற்புறுத்துவதாக சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச தம்மிடம் கூறினார் எனச் சாட்சியமளித்தார். சனாதிபதி அதனை மறுத்தார். யூன் 11 ஆம் நாள் பெர்டினாண்டோ தமது கூற்றை மீளப்பெற்றார். யூன் 13 ஆம் நாள் அவர் பதவி விலகிவிட்டார். ஒரு மாதங் கழித்து, மக்கள் எழுச்சியின் விளைவாக, சனாதிபதியும் நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி துறந்தார்.

இங்கே ஊழல் நிகழ்ந்தது எனத் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. அதற்குரிய சான்று எம்மிடம் இல்லை. ஆனால், பாராளுமன்றக் குழுவொன்றின் முன் அளிக்கப்பட்ட சாட்சியம் உண்மையா, மறுநாள் வெளியிடப்பட்ட மறுப்பு உண்மையா என்பது பொதுமக்களுக்கு இன்றியமையாத செய்தியன்றோ? இரண்டும் உண்மையாக இருத்தல் இயலாது. ஒன்றைத் தெரிந்து நிறுவ வேண்டிய கடமை ஏதோவொரு நிறுவனத்துக்கு இருந்திருக்க வேண்டும். பதவி விலகலோடு அவ்வினாவும் விலக்கப்பட்டது. விலகியோர் விடை சொல்லத் தேவையில்லை என்னும் எழுதாத விதி எமது அரசியலில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆட்சி மாறியும் திட்டம் தொடர்ந்தது. 2023 பெப்ரவரியில் மன்னாரில் 250 மெகாவாற்றும் பூநகரியில் 234 மெகாவாற்றுமாக 44.2 கோடி அமெரிக்க டொலர் முதலீட்டுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் ஓர் அலகு மின்சாரத்தை 8.26 அமெரிக்கச் சதத்துக்கு 20 ஆண்டுகள் வாங்குவதற்கு அமைச்சரவை இணங்கியது. சூழலியல் அமைப்புகளும் மன்னார் ஆயரும் உயர்நீதிமன்றத்தை நாடினர். புதிய அரசாங்கம் அவ்விலைக்கான ஒப்புதலை நீக்கி மறுபரிசீலனைக்கு முற்பட்டபோது, 2025 பெப்ரவரி 12 ஆம் நாள் அக்குழுமம் தானாகவே விலகிக்கொண்டது. முடிவு எதிர்ப்பாளர் விரும்பியதாயினும், அது வந்த வழியைக் கவனித்தல் வேண்டும். விலை பற்றிய பிணக்கே திட்டத்தை நிறுத்தியது. 2022 யூன் மாதத்து வினா விடையின்றியே எஞ்சியது.

5

இலங்கையிற் பொறுப்புக்கூறலுக்கான நிறுவனங்கள் இல்லாமலில்லை. மேற்குறித்த பாராளுமன்றக் குழு 1979 இலிருந்து இயங்கி வருகிறது. இலஞ்சம், ஊழல் பற்றிய ஆணைக்குழுவுக்கான சட்டம் 1994 இல் வந்தது. தகவலறியும் உரிமைச் சட்டம் 2016 இல் வந்தது. புதிய ஊழல் எதிர்ப்புச் சட்டம் 2023 இல் வந்தது. இயற்கை வளங்களை அரசு மக்களின் சார்பிலேயே காத்து வருகின்றது என்னும் கோட்பாட்டை எப்பாவலை பொசுபேற்று வழக்கில் உயர்நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தியது. 2023 நவம்பரில் அதே நீதிமன்றம், பொருளாதார வீழ்ச்சிக்கு வழிவகுத்த செயல்களால் ராஜபக்ச சகோதரர் உட்படப் பலர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் எனப் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது.

எனினும் எமது மூன்று கூறுகளை உரைகல்லாகக் கொண்டு இவற்றை நோக்கும்போது குறைகள் தெளிவாகின்றன. பாராளுமன்றக் குழு ஓருண்மையை வெளிக்கொணர்கின்றது. ஆனால், சாட்சியம் தலைகீழாக மாறும்போது அதனைத் தொடர்ந்து சென்று தீர்த்துவைக்கும் வழக்கம் வலுப்பெறவில்லை. நீதிமன்றம் நம்பிக்கை மீறப்பட்டது என்கின்றது. ஆனால், அத்தீர்ப்பில் வழக்குச் செலவுக்கு அப்பால் இழப்பீடு எதுவும் விதிக்கப்படவில்லை. அறிதல் ஓரிடத்தும் விளைவு வேறோரிடத்தும் சிதறிக் கிடக்க, இரண்டையும் இணைக்கும் பாலம் அமையவில்லை.

இதனினும் அதிகம் பேசப்படாத செய்தியொன்று உண்டு. வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது. பின்னர் பல ஆண்டுகள் தேர்தலின்றிக் கழிந்தன. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலமும் முடிந்தது. அவற்றுக்கான தேர்தல் பணமில்லை என்னும் காரணங்காட்டிப் பின்தள்ளப்பட்டு 2025 மே 6 ஆம் நாளே நடைபெற்றது. இப்பின்தள்ளல் அடிப்படை உரிமை மீறல் என 2024 இல் உயர்நீதிமன்றம் கூறியது. ஆகவே, மன்னார்க் காற்றின் விலை 2024 மே மாதத்திலே தீர்மானிக்கப்பட்டபோது, மன்னாரிலே மக்களால் தெரிவுசெய்யப்பட்ட மாகாண சபையும் இல்லை. நகர சபையும் இல்லை. பிரதேச சபையும் இல்லை. ஊரவர் தம் தெருவில் நின்று கேள்வி கேட்கத்தக்க பிரதிநிதி ஒருவரேனும் பதவியில் இல்லாத காலத்தில் அவ்வூரின் இருபதாண்டு எதிர்காலம் எழுத்தில் வடிக்கப்பட்டது. 1906 ஐயும் 2024 ஐயும் நாம் அருகருகே வைத்து நோக்குவதன் காரணம் இதுவேயாகும்.

6

கேள்விப்பத்திரப் போட்டி ஒழுங்காக நடைபெற்றால் யாவும் சீராகிவிடும் என வாதிப்போர் உளர். இவ்வாதத்தில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. மன்னாரில் 50 மெகாவாற் காற்றுமின் திட்டமொன்று போட்டிமுறையில் உள்நாட்டு நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டபோது ஓர் அலகின் விலை 4.65 அமெரிக்கச் சதமாக அமைந்தது. இதற்கும் 8.26 சதத்துக்கும் இடையிலான வேறுபாடு 3.61 சதம். இரு திட்டங்களின் அளவும் காலமும் நிபந்தனைகளும் வேறானவை. ஆதலால் வெறுங் கழித்தல் கணக்கு குற்றச்சான்றாகாது. ஆயினும், இருபதாண்டு முழுவதும் மின்கட்டணம் செலுத்தப்போகும் மக்கள் அவ்வேறுபாட்டுக்குக் காரணம் கேட்பதற்கு அது போதுமானது.

ஆனால், போட்டிமுறையில் மலிவாக வழங்கப்பட்ட திட்டமும் மன்னாரில் எதிர்ப்பைச் சந்தித்தது. 2025 ஓகத்தில் தொடங்கிய போராட்டத்தையடுத்துப் பணிகள் ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டன. பின்னர் ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற திட்டங்களைத் தொடர அரசு முடிவுசெய்தது. செப்டெம்பர் 26 ஆம் நாளிரவு காற்றாலைப் பாகங்களை ஏற்றிவந்த ஊர்திகளை மறித்தோர்மீது பொலிசார் பலத்தைப் பிரயோகித்தனர். 29 ஆம் நாள் மாவட்டத்தில் கடையடைப்பு நிகழ்ந்தது. தீவு தாழ்ந்த மணற்பாங்கானது, காற்றாலைக்கான மேடைகளும் பாதைகளும் மழைநீர் வடிவதைத் தடுத்துக் குடியிருப்புகளை வெள்ளத்தில் ஆழ்த்துகின்றன, கரைவலைத் தொழில் பாதிப்புறுகின்றது, வலசை வரும் பறவைகளுக்கு ஊறு நேர்கின்றது என்பன ஊரவரும் சூழலியலாளரும் எடுத்துரைத்தவை. தீவின் மணலிலிருந்து இல்மனைற்று அகழும் முயற்சியும் அவர்களின் அச்சத்தைப் பெருக்கிற்று.

காற்றுமின் தீங்கானது என நாம் கூறவில்லை. எண்ணெயும் நிலக்கரியும் இறக்குமதி செய்தே கடனிலாழ்ந்த நாட்டுக்கு அது தேவையானதே. நாம் சுட்டுவது வேறொன்று. கேள்விப்பத்திரப் போட்டி திறைசேரிக்குக் கணக்குச் சொல்லும் வழியாகும். பேசாலையின் மீனவருக்கோ தோட்டவெளியின் குடியிருப்பாளருக்கோ கணக்குச் சொல்லும் வழியாகாது. ஊழலற்ற அரசு பொறுப்புக்கூறும் அரசாகத்தான் இருக்கும் என்னும் எண்ணம் மயக்கமானது. கைச்சுத்தமான ஆட்சியாளரும் கேளாச் செவியினராக இருத்தல் கூடும். அவர்களின் நேர்மையே, எம்மை ஏன் வினவுகிறீர்கள் என்னும் சினமாக மாறுதலும் உண்டு. முற்போக்காளர் சிறப்பாகக் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி இதுவாகும்.

7

அரசை நோக்கிக் கேட்கும் வினாவை எமது சமுதாயத்தை நோக்கியும் கேட்டாலன்றி இவ்வாய்வு நேர்மையுடையதாகாது. 2011 சனவரியில், படிப்பினைகள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், அந்நாள் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அரச அலுவலகங்களின் குடித்தொகைக் கணக்குகளையே எடுத்துக்காட்டி, வன்னியிலே 1,46,679 பேருக்கு நேர்ந்தது யாது என வினவினார். அரசின் எண்களைக்கொண்டே அரசிடம் கணக்குக் கேட்ட அச்செயல் பொறுப்புக்கூறல் வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. அவ்வினாவுக்குத் தகுந்த விடை கிடைக்காமலே அவர் 2021 இல் மறைந்தார்.

அதே மன்னாரிலிருந்துதான் 1990 ஒக்டோபரில் முசுலிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் வெறுமையாயின. அவ்வெளியேற்றத்துக்கு யார் யாரிடம் விடை சொன்னார்கள்? அயலவரிடையே நிலவிய மௌனத்துக்கு யார் பொறுப்பு? முதல் வினாவை உரத்தும் இரண்டாவது வினாவைத் தாழ்ந்த குரலிலும் கேட்போர், அரசின் இரட்டை அளவைத் தாமும் கைக்கொள்வோரேயாவர். தேர்தற் காலத்தில் மட்டும் தீவுக்கு வந்து செல்லும் எமது பிரதிநிதிகளிடம், மேற்குறித்த திட்டங்கள் பாராளுமன்றில் வந்தபோது நீங்கள் கேட்டதென்ன எனக் கேட்பதும் இதனோடு சார்ந்த கடமையாகும்.

8

இந்தியாவின் இராசத்தானிலே தொழிலாளர் உழவர் அமைப்பொன்று 1994 இலிருந்து கிராமங்களில் மக்கள் கேட்பரங்குகளை நடத்தியது. அரசாங்கப் பணிகளின் செலவுப் பதிவுகள் ஊரவர்முன் உரக்க வாசிக்கப்பட்டன. வேலையே செய்யாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தமையும் கட்டப்படாத கட்டடத்துக்குப் பணம் வழங்கப்பட்டிருந்தமையும் அவ்வாறே வெளிப்பட்டன. எழுத்தறியாதோரும் தம் ஊரின் பாலம் இருக்கின்றதா இல்லையா என்பதை அறிவர். அவ்வறிவைப் பதிவேட்டோடு சேர்த்துவைத்ததே அவ்வியக்கத்தின் சிறப்பு. இந்தியாவின் 2005 ஆம் ஆண்டுத் தகவலறியும் உரிமைச் சட்டத்துக்கு அது வித்திட்டது.

மன்னாருக்கும் இம்முறை பொருந்தும். காற்றுக்கும் மணலுக்குமான ஒவ்வோர் உடன்படிக்கையும் சுற்றாடல் அறிக்கையும் கைச்சாத்துக்கு முன்னரே எளிய தமிழில் வெளியிடப்படல் வேண்டும். தெரிவுசெய்யப்பட்ட உள்ளூர் மன்றத்தின் முன் அவை வாசிக்கப்படல் வேண்டும்; மன்றம் இல்லாத காலத்தில் நீண்டகால உடன்படிக்கை எதுவும் செய்யலாகாது என்பது விதியாதல் வேண்டும். பாராளுமன்றக் குழுவின் முன் அளித்த சாட்சியத்தை ஒருவர் மீளப்பெற்றால் விசாரணை அத்துடன் முடியாது, அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும். இவை புரட்சிகரமான கோரிக்கைகளல்ல. நடைமுறையிலுள்ள சட்டங்கள் தம் சொல்லுக்கு உண்மையாக நடந்தாற் பெரும்பாலும் எய்தத்தக்கவையே.

பல்கலைக்கழகத்தாருக்கும் இதிற் பங்குண்டு. உடன்படிக்கைகளின் மொழி பொறியியலாளரும் சட்டத்தரணியும் அன்றிப் பிறர் அறியா மொழியாக உள்ளவரை, மக்களின் வினா அழுகையாகவோ ஆரவாரமாகவோ மட்டுமே ஆட்சியாளரின் செவிக்கு எட்டும். அதனைக் கணக்காக மாற்றிக் கொடுப்பது கற்றோர் கடன். ஒரு காலத்திற் குளியாளின் கூடையை எண்ணுவதற்கு அரசு கரையிலே அதிகாரிகளை நிறுத்தியது. அக்கரையில் வாழ்வோர் அரசின் கூடையை எண்ணுவதற்கு உரிமையும் கருவியும் பெறும் நாளிலேயே, 1931 இற் கிடைத்த வாக்குரிமை தன் பொருளை நிறைவாகப் பெறும்.